சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகும் அசெம்பிள்டு பிசி: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிப்பது எப்படி

"பிசி திடீர்னு ஆஃப் ஆயிடுது" என்று யாராவது சொன்னால் எல்லோரும் உடனே கேட்பது என்ன கான்ஃபிகரேஷன் என்றுதான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது எப்படி ஆஃப் ஆகிறது என்பது. பிளக்கைப் பிடுங்கினது போல ஒரே நொடியில் ஃபேன், லைட் எல்லாம் அடங்கிவிட்டதா? ஸ்கிரீன் மட்டும் கறுத்து உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருந்ததா? ஆஃப் ஆனபின் தானாகவே மறுபடி ஆன் ஆனதா? பவர் பட்டனை அழுத்தியதும் வந்ததா, இல்லை பின்பக்கம் இருக்கும் சுவிட்சை ஒருதடவை ஆஃப் செய்து போட்டால்தான் வந்ததா? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். பதில் இல்லாமல் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, விண்டோஸை ஃபார்மேட் அடிப்பது, புது தெர்மல் பேஸ்ட் வாங்குவது எல்லாம் குருட்டாம்போக்கு வேலை, சில சமயம் சரியாகும், ஏன் சரியானது என்று தெரியாததால் இரண்டு மாதம் கழித்து அதே கோளாறு திரும்ப வரும்.

அதனால் இதைப் பாகவாரியாக எழுதாமல் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம், ஆனால் ஈவென்ட் வியூவர் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள். எஸ்எம்பிஎஸ் என்று நான் சொல்வது பவர் சப்ளையை, நம் ஊர் கடைகளில் அப்படித்தானே கேட்டு வாங்குகிறோம்.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன்: ஈவென்ட் வியூவர்

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். பிசி நின்றுபோன நேரத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் குறியோடு இருப்பவற்றைப் பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "பவர் பிரச்சினை என்று விண்டோஸே சொல்லிவிட்டது" என்று எஸ்எம்பிஎஸ் வாங்கப் போகிறவர்கள் நிறைய. 41 என்றால் "போன தடவை நான் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை" என்பது மட்டும்தான் அர்த்தம், அதையும் அடுத்த தடவை ஆன் ஆகும்போதுதான் விண்டோஸ் எழுதி வைக்கிறது. 6008 என்ற எண்ணும் அதே சங்கதிதான். காரணம் அதற்குள்ளே இருக்கிறது: 41-ஐத் திறந்து டீட்டெய்ல்ஸ் டேபுக்குப் போனால் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும்.

அது 0 என்றால் விண்டோஸுக்கு மூச்சு விடக்கூட நேரம் கிடைக்கவில்லை, கரண்ட் நேரடியாக அறுந்திருக்கிறது அல்லது ஹார்ட்வேர் ரீசெட் ஆகியிருக்கிறது. 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் நடந்தது ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸே பிழையைக் காட்டி நிற்கும் நீலத் திரை), நீங்கள் பார்ப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த எண் அங்கே தசம எண்ணாக இருக்கும். 278 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்றது, 292 என்றால் ஹார்ட்வேர் பிழை. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி பகுதிக்குப் போய் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்ற டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த தடவை ப்ளூ ஸ்கிரீன் அப்படியே நிற்கும், ஆற அமரப் படிக்கலாம்.

அதே டீட்டெய்ல்ஸ் டேபில் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்று இன்னொரு வரி இருக்கும், இதை யாரும் பார்ப்பதில்லை. அதில் 0 தவிர வேறு ஏதாவது இருந்தால் பவர் பட்டன் நீண்ட நேரம் அழுத்தப்பட்டதாக மதர்போர்டு நினைத்திருக்கிறது. நீங்கள் கை வைக்கவில்லை என்றால் பட்டனோ அதன் வயரோதான் கோளாறு.

இன்னும் இரண்டு எண்கள். 1074 இருந்தால் அது ஷட்டவுனே ஆனாலும் முறையான ஷட்டவுன், அதாவது விண்டோஸ் அப்டேட்டோ ஏதோ ஒரு புரோகிராமோ கேட்டு நடந்தது, எந்த புரோகிராம் என்ற பெயரும் அங்கேயே இருக்கும், ஸ்குரூ டிரைவரை எடுத்த இடத்தில் வைத்துவிடலாம். டபிள்யூஹெச்இஏ-லாகர் 18 என்றால் ப்ராசஸர் தரப்பிலிருந்து வந்த கடுமையான ஹார்ட்வேர் பிழை. இதைப் பற்றிக் கீழே வருகிறது.

கேம் ஆடும்போது பட்டென்று அணைகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். கேமோ ரெண்டரிங்கோ ஓடும்போது முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கிறது, பக்செக்கோட் 0. உடனே எல்லோரும் சூடு என்பார்கள். சூடாகவும் இருக்கலாம், ஆனால் சூடு என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. இப்போதைய ப்ராசஸர்கள் வரம்பைத் தொட்டதும் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். இன்டெலின் 12 முதல் 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு அந்த வரம்பு பெரும்பாலும் 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95, ரைசன் 7 5800எக்ஸுக்கு 90. வேகத்தைக் குறைத்தும் அடங்காமல் இன்னும் மேலே ஏறினால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணையும். ஆக, சூட்டினால் அணைகிற பிசி அதற்கு முன்பே தடுமாறியிருக்கும், ஃப்ரேம் ரேட் விழுந்திருக்கும், ஃபேன் அலறியிருக்கும். 70, 75 டிகிரியில் வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த கேம் நடுவில் செத்தால் அது ப்ராசஸர் சூடு கிடையாது.

ஊகிக்க வேண்டாம், பதிவு செய்து பார்த்துவிடலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை நிறுவி சென்சார் பக்கத்தில் லாகிங்கை ஆன் செய்துவிட்டு கேமைத் தொடங்குங்கள். அது இரண்டு வினாடிக்கு ஒருமுறை எல்லா அளவுகளையும் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். பிசி செத்தபின் அந்த ஃபைலின் கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். ப்ராசஸர் வெப்பம், கிராஃபிக்ஸ் கார்டின் ஹாட்ஸ்பாட் வெப்பம், கார்டு இழுக்கும் வாட். வெப்பம் எதுவும் உச்சத்தில் இல்லாமல், வாட் மட்டும் ஏறியிருந்தால் பார்வையை எஸ்எம்பிஎஸ் பக்கம் திருப்புங்கள்.

அடுத்து லோடை, அதாவது வேலைச்சுமையைப் பிரித்துப் பாருங்கள், அதற்கென்றே சோதனை மென்பொருள்கள் இருக்கின்றன. சினிபெஞ்ச் அல்லது பிரைம்95 ஓட்டினால் ப்ராசஸர் மட்டும் வேலை செய்யும். ஃபர்மார்க் ஓட்டினால் கார்டு மட்டும். ஓசிசிடியில் பவர் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அது இரண்டையும் சேர்த்து முறுக்கும். தனித்தனியாக ஓட்டினால் தாங்குகிறது, சேர்த்து ஓட்டினால் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். லோக்கல் எஸ்எம்பிஎஸ் மாட்டியிருப்பவர்கள் இந்த பவர் டெஸ்டைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், கருகல் வாடை வந்தால் யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஒரு விஷயம் பலரையும் குழப்புகிறது: ஃபர்மார்க் ஒரு மணி நேரம் அசையாமல் ஓடும், ஆனால் கேமில் லோடிங் ஸ்கிரீன் முடிந்து காட்சி தொடங்கும் நொடியில் பிசி அணையும். இது முரண்பாடு இல்லை. ஃபர்மார்க் கொடுப்பது சீரான லோடு. கேமில் லோடு ஏறி ஏறி இறங்கும், அந்த ஏற்றத்தில் கார்டு மிகச் சிறிய நேரத்துக்குத் தன் பேரளவு வாட்டைத் தாண்டி இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 320 வாட் கார்டு, ஆனால் அந்தத் துளி நேரத்தில் அது அதற்கும் வெகு மேலே போகும். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் என்றோ ஓவர்லோடு என்றோ எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். இந்தத் தொல்லை பெருகியபிறகுதான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற எஸ்எம்பிஎஸ் விதிமுறையில், எஸ்எம்பிஎஸ் தன் மொத்த வாட்டைப் போல இரண்டு மடங்கு வரையான ஏற்றத்தை 100 மைக்ரோவினாடிக்குத் தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அதற்கு முந்தைய விதிமுறைப்படி செய்த நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ்கூட இதில் மாட்டிக்கொள்ளும், அதனால் "நான் வாங்கினது கோல்டு ரேட்டிங்" என்பது இங்கே வாதமாகாது. 80 பிளஸ் கோல்டு என்பது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று, அதிர்ச்சியைத் தாங்கும் திறனுக்கான சான்று கிடையாது.

இப்படி எஸ்எம்பிஎஸ் தானே தன்னைப் பூட்டிக்கொண்டால் பவர் பட்டனுக்குப் பெரும்பாலும் பதில் வராது. பின்பக்கச் சுவிட்சை ஆஃப் செய்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி போட்டால்தான் உயிர் வரும். மேலே நான்காவதாகக் கேட்ட கேள்வி இதற்காகத்தான்.

சரி, காசு செலவழிக்காமல் இதை உறுதிப்படுத்த ஒரு வழி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், கேமில் ஃப்ரேம் ரேட்டை 60-இல் கட்டிப்போடுங்கள். எந்த கம்பெனி கார்டாக இருந்தாலும் அந்த மென்பொருள் வேலை செய்யும். முன்பு அரை மணியில் செத்துக்கொண்டிருந்தது இப்போது மாலை முழுக்க ஓடுகிறது என்றால் விடை கிடைத்துவிட்டது. புது எஸ்எம்பிஎஸ் வாங்கக் கையில் காசு சேரும்வரை இப்படியே ஓட்டவும் செய்யலாம், 70 சதவீதத்தில் கேம் வேகம் நினைக்கிற அளவுக்கு ஒன்றும் விழாது.

வாங்கும் முன் இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் படியுங்கள். பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். 18 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள், 216 வாட், அவ்வளவுதான் சரக்கு. கேபினெட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றின் கதை இது. ஆபீஸ் பிசிக்கு அது ஓடும். ரைசன் 5 5600 அதிகபட்சம் 76 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட், மதர்போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்து 300 வாட்டுக்குக் கிட்டே வரும், இதற்கு நல்ல 550 தாராளம். ஆர்டிஎக்ஸ் 3080-க்கு என்விடியாவே 750 என்று சொல்கிறது, அதோடு 253 வாட் வரை இழுக்கிற ஐ9 ஒன்றையும் சேர்த்தால் 850-க்குக் கீழே நான் போகமாட்டேன்.

வாட் போதும், ஆனாலும் அணைகிறதா? கேபிளைப் பாருங்கள். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள் போக வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் இரட்டைத் தலையாக வருவதை இரண்டிலும் செருகி வைத்திருப்பது பார்க்க அழகாக இருக்கும், பெரிய கார்டுக்கு அது ஆகாது. ஒரு 8 பின்னுக்கு விதிமுறைப்படி 150 வாட்தான் கணக்கு. ஆர்டிஎக்ஸ் 4090 போன்றவற்றில் வருகிற புது 16 பின் இணைப்பு என்றால் அது இடைவெளி இல்லாமல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், 2022-இல் அந்த இணைப்பிகள் உருகிய செய்திகள் வந்தபோது முழுசாகச் செருகாததும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

சிறிது நேரம் ஓடி அணைகிறது, உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைகிறது

இது சூடு. முதல் தடவை இருபது நிமிடம், ஆறாமல் மறுபடி போட்டால் ஐந்து நிமிடம், அரை மணி விட்டுப் போட்டால் மறுபடி இருபது என்று போனால் வேறு எதையும் தேட வேண்டாம்.

எது சூடாகிறது என்பதுதான் கேள்வி. பிசியை பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) கொண்டுபோய் அப்படியே விட்டுவிட்டு ப்ராசஸர் வெப்பத்தைக் கவனியுங்கள். 40, 50 பக்கம் போய் நின்றால் கூலர் சரியாகத்தான் இருக்கிறது. கண்ணெதிரிலேயே 70, 80, 90 என்று ஏறினால் கூலர் ப்ராசஸரைத் தொடவே இல்லை என்று அர்த்தம். புதிதாக அசெம்பிள் செய்தவர்கள் இங்கே பார்க்க வேண்டியது மூன்று: கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஃபிலிமை உரித்தீர்களா, இன்டெலோடு வரும் கூலர் என்றால் நான்கு பிளாஸ்டிக் பின்களும் டக் என்று மதர்போர்டின் மறுபக்கம் வரை இறங்கினவா, லிக்விட் கூலர் என்றால் பம்ப் ஓடுகிறதா. அந்த நான்கு பின்னில் ஒன்று கிளம்பி நின்றாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது, மதர்போர்டைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பம்ப் ஓடுகிறதா என்பதை பயாஸில் அதன் ஆர்பிஎம்மை வைத்துச் சொல்லலாம், அல்லது பம்ப் தலையில் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது என்பது பம்ப் ஓடுவதற்கு ஆதாரம் ஆகாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ரைசன் 7000 ப்ராசஸர் முழு லோடில் 95 டிகிரிக்குப் போய் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதை அப்படி ஓடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள்.

ப்ராசஸரும் கார்டும் சாதாரணமாக இருந்தும் நேரக்கணக்கில் அணைந்தால் மிச்சம் இரண்டு இடம். ஒன்று விஆர்எம், அதாவது மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதி. விலை குறைந்த எச்610 போர்டில் ஐ9-ஐ உட்கார வைத்தால் அந்தப் பகுதி தவித்துப்போகும், குறிப்பாக மேலே ஹீட்சிங்க்கூட இல்லாத போர்டுகளில். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் விஆர்எம் அல்லது மாஸ் என்ற பெயரில் அதன் வெப்பம் தெரியும், எல்லா போர்டிலும் அந்த சென்சார் இருக்காது. இன்னொன்று எஸ்எம்பிஎஸ்ஸே சூடாவது. அதன் ஃபேன் கீழ்நோக்கி இருந்து, கேபினெட்டைக் கம்பளத்தின் மேலோ மெத்தை விரிப்பின் மேலோ வைத்திருந்தால் காற்று எங்கிருந்து வரும்? அடியில் இருக்கும் தூசி வலையை உருவிப் பாருங்கள், ஆறு மாதம் தொடாமல் இருந்தால் அதில் கம்பளமே நெய்திருக்கும். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றவில்லையே என்று பதறுவதற்கு முன், குறைந்த லோடில் ஃபேனை நிறுத்தி வைக்கிற மாடலா என்று பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை எளிது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, ஒரு டேபிள் ஃபேனை நேராக வைத்து அதே கேமை ஓட்டுங்கள். அணையவில்லை என்றால் காற்றோட்டம்தான் பிரச்சினை. ஜனவரியில் ஒழுங்காக ஓடின பிசி மே மாதத்தில் அணைவதற்கும் இதுதான் காரணம், அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் உள்ளே இருப்பவையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். புளோயர் வைத்துத் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

ஆன் செய்த சில நொடிகளில் அணைகிறது

நான்கு ஐந்து நொடிகளில், ஒவ்வொரு தடவையும் ஒரே நேர அளவில் அணைகிறதா? கேபினெட்டின் பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. பவர் பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் பிசி வலுக்கட்டாயமாக அணையும் அல்லவா, சிக்கிய பட்டன் அதைத்தான் செய்கிறது. மதர்போர்டிலிருந்து பவர் எஸ்டபிள்யூ என்று எழுதிய சின்ன இணைப்பை உருவிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு ஆன் செய்யுங்கள். இப்போது நின்று ஓடினால் பட்டன்தான். கேபினெட்டை மாற்ற வேண்டியதில்லை, ரீசெட் பட்டனின் வயரை பவர் பின்களில் மாட்டிக்கொண்டால் போதும், அதுவும் அதே வகைச் சுவிட்ச்தான்.

ஃபேன் ஒரு தடவை துடித்துவிட்டு நின்றால் அது ஷார்ட். மதர்போர்டுக்கு அடியில் இருக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களில் (போர்டைத் தாங்கும் சின்னக் கால்கள்) ஒன்று தேவையில்லாத இடத்தில் இருந்து போர்டின் பின்பக்கத்தைத் தொடலாம். கீழே விழுந்த ஸ்குரூ ஒன்று போர்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கலாம். பின்பக்கத் தகட்டின் நாக்கு யுஎஸ்பி போர்ட்டுக்குள் வளைந்து நுழைந்திருக்கலாம். கேபினெட்டில் வைத்து இதைத் தேடுவது வீண் சிரமம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் வைத்து ஆன் செய்து பாருங்கள். வெளியே ஓடுகிறது, உள்ளே ஓடவில்லை என்றால் கேபினெட்டில் எங்கேயோ உரசுகிறது.

சரியாக 15 நொடியில், ஸ்கிரீனில் யுஎஸ்பி ஓவர் கரன்ட் என்ற எச்சரிக்கையோடு அணைந்தால் அது அசூஸ் போர்டுகளில் பலர் பார்த்திருக்கிற செய்தி. முன்பக்க யுஎஸ்பி இணைப்பை உருவிவிட்டுப் பாருங்கள், போர்ட்டுக்குள் பின் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளையே புதிதில் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்குப் பொதுவான விதிமுறை கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்த இடத்திலேயே காலி.

கோளாறு இல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிடிஆர்5 ரேம் போட்ட புது ரைசன் பிசியை முதல்முறை ஆன் செய்தால் பல நிமிடங்கள் கறுப்பு ஸ்கிரீனாகவே இருக்கும், இடையில் தானே அணைந்து ஆன் ஆகக்கூடும். மெமரி டிரெய்னிங் நடக்கிறது, அதாவது ரேமோடு ஒத்துப்போகும் அமைப்பை போர்டு தேடிக்கொண்டிருக்கிறது. டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சும்மா இருக்கும்போது அணைகிறது அல்லது ரீஸ்டார்ட் ஆகிறது

கேம் நாலு மணி நேரம் ஓடும், பிரவுசரில் ஒரு பக்கம் படித்துக்கொண்டிருந்தால் பட்டென்று ரீஸ்டார்ட். இது எரிச்சலின் உச்சம், ஏனென்றால் வேண்டும்போது வரவழைக்க முடியாது. முதலில் அது ஸ்லீப்புக்குப் போய்விட்டு எழ மறுக்கிறதா என்று பாருங்கள், ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 42 இருந்தால் ஸ்லீப்.

ஸ்லீப் இல்லை, டபிள்யூஹெச்இஏ-லாகர் 18 இருக்கிறது, ரைசன் ப்ராசஸர் என்றால் பயாஸில் கர்வ் ஆப்டிமைசரை (கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) தொட்டீர்களா என்று யோசியுங்கள். எங்கேயோ பார்த்து எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டிருப்பீர்கள். முழு லோடில் எல்லா கோரும் வேகம் குறைவாக ஓடும், அங்கே தெரியாது. லேசான வேலையில் ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் அந்தக் குறைந்த வோல்டேஜ் போதாமல் விழும். அதை எடுத்துவிட்டு, பயாஸையும் புதுப்பித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். எதையும் தொடாமலே இப்படி நடந்தால் ஏஎம்டி போர்டுகள் பலவற்றில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றிப் பாருங்கள். மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும்போது தடுமாறுகிற பழைய எஸ்எம்பிஎஸ்களுக்காக வைத்தது. இத்தனைக்கும் பிறகும் அதே பிழை வந்தால் ப்ராசஸரையே வாரன்டியில் மாற்ற வேண்டியிருக்கலாம்.

அணையவில்லை, ரீஸ்டார்ட்டும் ப்ளூ ஸ்கிரீனும்தான் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேம். ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை பயாஸில் ஆஃப் செய்து ஒரு நாள் ஓட்டுங்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க விடுங்கள், ஒரே ஒரு பிழை காட்டினாலும் பிழைதான். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருந்து கேம்கள் வீடியோ மெமரி போதவில்லை என்று சம்பந்தமில்லாமல் புலம்பிக்கொண்டு மூடினால், 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்ட வோல்டேஜ் பிரச்சினையாக இருக்கலாம். பயாஸைப் புதுப்பிப்பது மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

மோட்டார் போட்டால், ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தால், கரண்ட் போய் வந்தால் அணைகிறது

பிசியைத் திறக்கவே வேண்டாம், சுவரைப் பாருங்கள். கரண்ட் ஒரு கணம் தடுமாறினால் சமாளிக்க எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பெரிய கெபாசிட்டர் இருக்கிறது, ஆனால் அது தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் விதிமுறைப்படி 16 மில்லிவினாடி அளவுதான். நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிவினாடி. மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டரும் சின்னது, பழசானதில் அதுவும் வறண்டிருக்கும். போர் மோட்டார் கிளம்பும்போது லைட் ஒரு தடவை மங்குகிறதே, அந்த மங்கல் போதும் பிசி போவதற்கு. இதோடு மாலை நேர லோ வோல்டேஜும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். லேபிளில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்கும், 200 முதல் 240 என்று போட்டிருப்பது 180-க்கு வோல்டேஜ் இறங்கினால் திணறும்.

யுபிஎஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: 600 விஏ என்று விற்கிற யுபிஎஸ்ஸின் உண்மையான வாட் பெரும்பாலும் 360 பக்கம்தான். டெஸ்க்டாப்பில் இருக்கும்போது கரண்ட் போனால் தாங்கும், கேம் நடுவில் போனால் ஓவர்லோடு என்று கத்திவிட்டு அதுவும் சேர்ந்து படுத்துவிடும். பேட்டரிக்கும் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். கரண்ட் இருக்கும்போதே பிசி அணைந்தால் யுபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவரில் செருகி ஓட்டிப் பாருங்கள், கோளாறு யுபிஎஸ்ஸிலேயே இருந்த கதைகள் உண்டு.

வீட்டு இன்வெர்ட்டரில் பிசி ஓடுகிறது என்றால் அதன் பின்பக்கம் அல்லது முன்பக்கம் ஒரு மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள், நார்மல் அல்லது ஈகோ ஒரு பக்கம், யுபிஎஸ் மறுபக்கம். நார்மலில் வைத்திருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும், பிசிக்குப் போதாது. யுபிஎஸ் மோடுக்குத் தள்ளுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அந்த மோடிலும் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சண்டித்தனம் செய்யும், சைன் வேவ்தான் அதற்கு ஒத்துவரும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மறக்காதீர்கள். எத்தனையோ பேருக்கு மொத்தக் கோளாறும் அதன் தளர்ந்த துளைதான். பிளக்கை லேசாக ஆட்டினாலோ, எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் கேபிளைத் தொட்டாலோ அணைகிறதா? பிளக் முனை கறுத்திருக்கிறதா? தூக்கிப் போடுங்கள், பெரிய கார்டு உள்ள பிசியைச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுவென்று ஷாக் அடித்தால் எர்த் இல்லை, பிசி அணைவதற்கு அது காரணமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் எலக்ட்ரீஷியனை அழைக்க அது ஒன்றே போதும்.

ஸ்கிரீன் மட்டும் போகிறது, ஃபேன் ஓடுகிறது

இது ஷட்டவுனே இல்லை. கீபோர்டில் Num Lock விசையை அழுத்தினால் அதன் லைட் மாறுகிறதா, சத்தம் இன்னும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் கேபிள், மானிட்டர் அல்லது டிரைவர். எல்லாம் உறைந்து கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் கத்தினால் கார்டுக்கு மின்சாரம் அறுந்திருக்கிறது அல்லது கார்டு செத்துக்கொண்டிருக்கிறது, கேபிள் பற்றி மேலே சொன்னதைச் செய்துவிட்டு வேறு ஒரு பிசியில் கார்டை மாட்டிப் பாருங்கள்.

எதிலும் பிடிபடவில்லை என்றால்

நண்பரிடமிருந்து ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை அதன் சொந்தக் கேபிள்களோடு இரண்டு நாள் கடன் வாங்குவதுதான் சிறந்த சோதனை. மல்டிமீட்டர் இருந்தால் லோடு ஓடும்போது 12 வோல்ட்டை அளக்கலாம், 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது, ஆனால் மீட்டரில் சரியாகக் காட்டுகிற எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த மைக்ரோவினாடி ஏற்றத்தில் விழலாம் என்பதால் மீட்டர் நல்ல பதில் கொடுத்ததும் அதை விடுதலை செய்துவிடாதீர்கள். மென்பொருளில் தெரியும் 12 வோல்ட் எண்ணை நம்பவே வேண்டாம், சென்சார் தப்பாகக் காட்டும் போர்டுகள் ஏராளம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கினபிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் ஆளைத் தூக்கிப்போடும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

சிமாஸ் பேட்டரியை (மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி) மாற்று என்று ஒரு யோசனை எப்போதும் வரும். அது தீர்ந்தால் தேதியும் பயாஸ் அமைப்புகளும் மறந்துபோகும், ஓடிக்கொண்டிருக்கும் பிசி அணையாது.

எஸ்எம்பிஎஸ்தான் என்று தெரிந்து வாரன்டிக்குக் கொண்டுபோனால், நல்ல மாடல்களுக்கு ஐந்து முதல் பத்து வருடம்வரை வாரன்டி உண்டு, பில்லைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியிருந்தாலும் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் சர்வீஸ் சென்டரில் நடக்கக்கூடியது ஒன்றுதான்: லோடு எதுவும் இல்லாமல் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு ஓகே என்று திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ பதிவின் கடைசி வரிகள், பவர் லிமிட்டை இறக்கினால் அணையவில்லை என்ற விவரம், அணைந்தபின் பின்பக்கச் சுவிட்சைப் போட்டெடுத்தால்தான் வருகிறது என்ற விவரம், முடிந்தால் அது அணைகிற வீடியோ, இவற்றைக் கையோடு கொண்டுபோய், கிராஃபிக்ஸ் கார்டோடு லோடு கொடுத்துச் சோதிக்கச் சொல்லி புகார்ச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.